மைனஸ் எண்பதில் ஓர் ஆத்தா

"பேஷண்ட் ஸ்டேபிள்" என்று அந்த டாக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். என் தம்பியின் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிக் கிடக்கும். தோலுக்கு அடியில் ரத்தம் சூடாகக் கட்டிக்கொண்டிருக்கும். அவன் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பான். நாடி சரி, மூச்சு சரி, ஆகவே ஸ்டேபிள். அந்தச் சொல்லுக்குள் வலி உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. பிறகு ஒரு நாள் அதே வாய் அதே சொல்லை மருந்தைப் பார்த்துச் சொன்னது: "மருந்து ஸ்டேபிளா இல்லீங்கம்மா." அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோவு. ஹீமோபிலியா. எங்கள் அம்மா வழியில் வருவது. பெண்கள் சுமப்போம், ஆண்கள் படுவார்கள். என் தாய்மாமன் ஒருவர் மலையிறங்கிக் கீழே போய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பல்லின் குழி மூடவே இல்லை, அவரைத்தான் மூடினோம். அது ஒரு காலம். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி காசில்லாமல் போடுகிறார்கள். மூட்டு வீங்கியதும் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு காலைக் கையால் பிடித்துக்கொண்டு சேந்தமங்கலம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஊசியைத் தேடிப் போகும் அந்தப் பயணமே அடுத்த ரத்தக்கசிவுக்கு வித்து. ஊசி அவனை உயிரோடு வைத்திருக்கிறது. நடக்கவைக்கவில்லை.

அவன் டெய்லர். எங்கள் மலையின் குண்டனி நாட்டில், எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளிக்கூடச் சீருடையும் ஜாக்கெட்டும் அவன் கைதான். இதைக் கேட்டதும் கீழே இருப்பவர்கள் "ஐயோ, ஊசியாச்சே!" என்பார்கள். ஊசி குத்தினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. மேல்தோல் காயம் எல்லோருக்கும் போல அடைத்துக்கொள்ளும். அவனை முடக்குவது உள்ளே, மூட்டுக்குள், யாரும் குத்தாமலே கசிவது. மிதித்தால் கணுக்கால் வீங்கும் என்று மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறான். ஜாக்கெட் கை இறுக்கம் என்று சண்டைக்கு வரும் பெண்களிடம், "ஏனுங்க, எனக்கு ரத்தமே நிக்க மாட்டேங்குது, நான் அழுவறனா? உங்களுக்கு ஒரு தையல் நிக்காததுக்கு இத்தன அழுவையா?" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரியவந்தது. ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபம் ஒரு கட்டடத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு தடவை ஏற்றும் மருந்து அது. ஒரு வைரஸை எடுத்து, அதன் வயிற்றில் இருக்கும் அதன் சொந்தச் சமாச்சாரத்தைக் காலிசெய்துவிட்டு, தம்பியின் மரபணுவில் எழுதும்போதே பிழையாகிப்போன அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதி உள்ளே வைத்து அனுப்புவார்கள். அது கல்லீரலுக்குப் போய் வரியைக் கொடுத்துவிடும். கல்லீரல் அதைப் படித்துப் படித்து ஃபேக்டரைத் தானே செய்யத் தொடங்கும். தபால்காரனைப் பிடித்து அவன் பைக்குள் நம் கடிதத்தைப் போட்டுவிடுவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

அதை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று அந்த ஸ்டேபிள் டாக்டரைக் கேட்டேன். "சாமை தெரியுமில்லம்மா, சாமை?" என்று ஆரம்பித்தார். தெரியாமலா. மலைக்காரர்களுக்கு எதையும் தானியத்தில்தான் சொல்ல வேண்டும் என்று இவர்களுக்கு யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்ன விஷயம் சரியானது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வைரஸைச் செல்களில் வளர்த்து, பிறகு அந்தச் செல்களை உடைக்கிறார்கள். உடைந்த குப்பையிலிருந்து வைரஸை மட்டும் பிரிக்கிறார்கள். பிரித்ததிலும் நிறைய வெறும் கூடு. உள்ளே வரி இல்லாத பொக்கு. பொக்கு வேலை செய்யாது. ஆனால் உடம்பு அதையும் எதிரி என்றுதான் பார்க்கும். ஆகவே மணியைப் பொக்கிலிருந்து பிரிப்பதில்தான் மருந்தின் சுத்தமே இருக்கிறது.

தம்பி கேட்டான்: "பொக்கு காத்துல பறக்குமுங்க. இத எப்படிங்க தூத்துவீங்க?"

"மெஷின்ல போட்டு சுத்துவோம். கனமானது கீழ போயிரும், லேசானது மேல நிக்கும்."

"அப்ப அது தயிரு கடையறதுங்க. சாமைன்னா காத்து வேணும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பிக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு இல்லை.

இன்னொரு சிக்கலையும் அவர் சொன்னார். இந்த வைரஸின் காட்டுச் சாதி எல்லா ஊரிலும் திரிகிறது. தனியாக வராது, சளிக்கிருமியின் தோளில் கைபோட்டுக்கொண்டு வரும். வந்தாலும் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் ஒரு தடவை வந்துபோனால் உடம்பு அதன் முகத்தை மறக்காது. ஆன்ட்டிபாடி என்று ஒரு காவலைப் போட்டுவைக்கும். பின்னால் மருந்தாக வரும்போதும் வாசலிலேயே அடித்துப்போட்டுவிடும். அந்தக் காவல் இருப்பவர்களுக்கு இந்த மருந்து கிடையாது. மருந்து ஒருமுறை ஏறினாலும் காவல் வந்துவிடும் என்பதால் இரண்டாம் முறை என்பதும் கிடையாது.

தம்பியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். காவல் இல்லை. "இந்த வயசுல இவ்வளவு கிளீனா!" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போகாதவன். திருவிழாக் கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று வாசலோடு நிறுத்தப்பட்டவன். யாரும் கட்டிப்பிடித்து விளையாடாத உடம்பு. அத்தனை வருட முடக்கத்துக்கும் அவனுக்குக் கிடைத்த ஒரே கூலி அந்தச் சுத்தம்.

அதைத்தான் பாழாக்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பெண் போன் செய்தாள். சோதனையில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. தெற்கத்திப் பெண், நல்ல பெண். தம்பி பொண்டாட்டி போனைச் சத்தமாக வைத்து மெஷின் மேலே வைத்தாள். ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, மருந்து ஏத்துற வரைக்கும் நீங்க ரொம்ப சுத்தமா இருக்கணும். கூட்டத்துக்குப் போகாதீங்க. வெளியாளுங்கள பக்கத்துல விடாதீங்க. வைரஸ் உங்க உடம்புக்குள்ள வரப்போகுது, இல்லையா? அது வந்து நல்லபடியா தங்கணும். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா மறுபடி வரவே வராது, பாத்துக்கோங்க."

கோவிச்சுக்கிட்டு. விளங்கச் சொல்ல வேண்டும் என்று அவள் பிரியமாகப் போட்ட சொல். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் செய்தது. எங்கள் ஊரில் உடம்புக்குள் வருகிறவள், சுத்தம் கேட்கிறவள், தங்கினால் காப்பாற்றுகிறவள், கோவித்துக்கொண்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறவள் ஒருத்திதான். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் ஜாக்கெட்டை மறந்துவிட்டு எழுந்து போனார்கள். அன்று சாயங்காலமே ஊர் கூடிவிட்டது: டெய்லர் உடம்புக்கு ஆத்தா வரப்போகிறாள், நோம்பி சாட்ட வேண்டும்.

நோம்பி சாட்டுவது என்றால் திருவிழாவை அறிவித்துக் காப்புக் கட்டுவது. சாட்டிவிட்டால் முடியும்வரை வெளியூர் ஆள் ஊருக்குள் தங்கக் கூடாது, ஊர் ஆள் வெளியே போய்ப் படுக்கக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது, குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. வருடத்தில் ஒருமுறை சில நாட்களுக்குச் செய்வதை, காலமில்லாத காலத்தில், ஒரே ஒரு மனிதனுக்காக, எப்போது முடியும் என்று தெரியாமல் செய்யப்போகிறார்களாம்.

நான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று கத்தினேன். "இது ஆத்தா இல்லீங்க. மருந்துங்க. பாட்டல்ல வருது!"

ஊர்க்கவுண்டர் அமைதியாகச் சொன்னார்: "பாட்டல்ல வந்தா என்ன சாமி? கரகத்துல வர்றதில்லையா?"

"ஐஸ்ல வச்சுக் கொண்டாராங்க!"

"அப்பக் குளுந்த ஆத்தா," என்றார் பூசாரி. "சூடு ஆகாதவ."

"எத்தன குளுரு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மைனஸ் எண்பது. தண்ணி கல்லாவற குளுருக்கும் எண்பது டிகிரி கீழ."

"அடி ஆத்தா! நம்ம ஆத்தாளுக்கு ஒரு கொத்து வேப்பெலையே போதும். இவ பெரிய எடத்துக்காரி போல."

சிரித்தார்கள். சிரித்தபடியே காப்புக் கட்டினார்கள். தம்பி மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்த காப்பு நூலைக் கையில் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தான். நான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படித்தவள் இருந்தும் இந்தக் கூத்தா என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்களே என்பதுதான் அன்றைக்கு என் கவலை. என்ன கவலை பாருங்கள்.

மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. கீழே பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனவர்கள் அன்றன்றே திரும்பி, ஊருக்கு வெளியே குழாயடியில் குளித்து ஈரத்துணியோடு நுழைந்தார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளைகளைத் தம்பி வீட்டுப் பக்கமே விடவில்லை. சுற்றுலா ஆட்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர், வந்த கார்களை எல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு கல்யாணம் தள்ளிப்போனது. ஒருத்திக்குக் கீழே அம்மா படுக்கையில். பஸ்ஸில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, கூட ஒரு ராத்திரி தங்க முடியாமல், அழுதுகொண்டே கடைசி பஸ்ஸில் ஏறி வருவாள். யாரும் அவளை மிரட்டவில்லை. "டெய்லர் கண்ணுக்கு நல்லதாவட்டும்" என்பாள். அந்த நர்ஸ் பெண் போனில் கேட்டதை, ஒரு சொல் பிசகாமல், வேறு காரணத்துக்காக ஊரே செய்துகொண்டிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்கத் தம்பி ஒரு தும்மல் தும்மவில்லை.

தம்பி பொண்டாட்டிதான் புலம்புவாள். "அண்ணி, தாளிக்காமத் தின்னு நாக்கே செத்துப் போச்சு. அந்த வைரஸ் வந்து எறங்கட்டும், மொத வேலையா ஒரு படி கடுகப் போட்டு வெடிக்க உடறேன்."

கடைசியில் தேதி சொன்னார்கள். அப்போதுதான் அடுத்த குழப்பம். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டிப் போய்ப் படுக்கக் கூடாதே. ஆஸ்பத்திரியிலோ படுத்துத்தான் ஆக வேண்டும். பூசாரி ஆகாது என்றார். வாக்குவாதம் மதியம்வரை போனது. ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லை எங்க இருக்குதுன்னு யாரு சொல்றது? ஊருதானே? அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்து உட்டுட்டாப் போவுது."

எல்லைக்கல் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார்கள். தம்பி அதற்கு மஞ்சள் துணியில் சின்னப் பை தைத்தான், சுருக்கு நாடா வைத்து, உள்தையல் போட்டு. "தலமாட்டுல வச்சுக்க. நீ படுக்கற எடம் நம்ம ஊரு" என்றார் ஊர்க்கவுண்டர். ஒரு சட்டத்தை இவ்வளவு அன்பாக வளைத்து நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் கையுறை போட்ட ஒருவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன நூல்? இன்ஃபெக்ஷன் ஆகும்." அவன் பதில் சொல்வதற்குள் கத்தரி வந்துவிட்டது. மண் பையைப் பிரித்துப் பார்த்து, "மண்ணா! மண்ணையா கொண்டு வந்தீங்க? எவ்வளவு கிருமி தெரியுமா?" என்று கழிவுத் தொட்டியில் போட்டார்.

"கேட்டுட்டு வெட்டக் கூடாதுங்களா?" என்றேன்.

"சுத்தம் முக்கியம்மா இங்க."

தம்பி, "உடு அக்கா. மருந்து வருதில்ல, உடு" என்றான்.

சுத்தம் முக்கியமான அந்த இடத்தில், தனி அறை தயாராக இல்லை என்று அவனைப் பொது வார்டில் போட்டார்கள். இன்றைக்கு மட்டும் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கு நோய். நான் போய்ப் போய்க் கேட்டேன். ஒரு திரையை இழுத்துவிட்டார்கள். துணித்திரை. என் ஊரோ, சந்தைக்குப் போய்வந்தவளைக் குழாயடியில் நிறுத்திக் குளிக்கச் சொன்னது. இவர்கள் ஒரு திரையை இழுத்துவிட்டு அதற்கு ஐசோலேஷன் என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து ஏற்ற வேண்டிய அன்று காலை தம்பி குளித்து, திருநீறு வைக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டு, வைக்காமல் உட்கார்ந்திருந்தான். டாக்டர் வந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சொன்னார்: "மருந்து ஸ்டேபிளா இல்லீங்கம்மா."

மருந்தகத்தில் உருக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே தூசு மாதிரி, நூல் மாதிரி மிதந்திருக்கிறது. வைரஸ்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டுவிட்டன. பாட்டில் சுவரிலும் கொஞ்சம் அப்பிக்கொண்டுவிட்டன. கட்டிப்போனதைப் பிரிக்க முடியாது, திரும்பவும் உறையவைக்க முடியாது, அப்படியே ஏற்றினால் உடம்பு சீறிவிடும். அதே பெட்டியில் வந்த மற்ற பாட்டில்களும் அப்படியே.

"ஏன் அப்படி ஆச்சு?"

"பாத்துட்டு இருக்கோம்."

"யாரு?"

"விசாரணை நடக்குதும்மா. அடுத்த பேட்ச் வரும்போது கூப்பிடுறோம். பேஷண்ட் ஸ்டேபிள், இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

தம்பி கட்டிலைவிட்டு இறங்கவே நேரமாகிவிட்டது. கால் அல்ல காரணம்.

ஊர் முனையில் பஸ் நின்றபோது ஊர்க்கவுண்டர் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் பாதி ஊர். "வந்துட்டாளா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாமா. கெட்டுப் போச்சாமுங்க."

"கெட்டுப் போச்சா? ஆத்தா எப்படிக் கெட்டுப் போவா?"

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கெட்டுப் போவுதுன்னா அது மருந்துதான். நீ அப்பவே சொன்ன கண்ணு. நாங்கதான் கேக்கல" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது சரி என்று ஊர் ஒத்துக்கொண்ட அந்த நிமிஷத்தைப் போல ஒரு தோல்வியை நான் அறிந்ததில்லை. அவர்களுடைய பிழைதான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்னுடைய சரி ஒரு கத்தரிக்கோலைக்கூடத் தடுக்கவில்லை.

நோம்பியைக் கலைத்தார்கள். வீட்டுக்கு வீடு கடுகு வெடித்தது. தம்பி பொண்டாட்டி மட்டும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, கடுகைப் போடாமல், வெறும் எண்ணெய் புகைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தம்பி இருமினான். முதல் இருமல். பக்கத்துக் கட்டில்காரருடைய இருமலைப் போலவே இருந்தது.

சளி சாதாரணச் சளிதான். சுக்கு மிளகுக் கஷாயத்தில் போய்விட்டது. போகும்போது என்னத்தை விட்டுவிட்டுப் போனது என்பது அடுத்த பேட்ச் தயாராகி, மறுபடி ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. நர்ஸ் பெண் போனில் அழுதாள்.

"அண்ணா, ஆன்ட்டிபாடி வந்திருச்சு. லிமிட்டத் தாண்டியிருக்கு. இனிமே... இனிமே உங்களுக்குக் குடுக்க முடியாதுண்ணா."

"அழுவாத கண்ணு" என்றான் தம்பி. "நீ என்ன பண்ணுவ. சாப்பிட்டியா?"

போனைப் பிடுங்கினேன். என்னவெல்லாம் கத்தினேனோ. அவளிடம்தான் கத்தினேன், அவள்தானே எடுத்தாள். மேலே இருக்கிறவர்கள் எப்போதும் நல்ல பெண் ஒருத்தியைத்தான் போனுக்கு முன்னால் உட்காரவைக்கிறார்கள். தம்பி மேலும் எனக்குக் கோபம். இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு, சாப்பிட்டியா என்று கேட்க அவனுக்கு எப்படி மனசு வருகிறது? அவன் பொறுமையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது வீக்கம் மாதிரித் தெரிகிறது. உள்ளே கசிந்து கட்டிப்போன ஒன்று.

ஆனால் மறுநாள் அவன்தான் சொன்னான். "அக்கா, கீழ போலாம். ஊசிக்கு இல்ல. மருந்து ஏன் கெட்டுப்போச்சுன்னு கேக்கோணும். விசாரிக்கறோம்னாரில்ல? விசாரிச்சிருப்பாரில்ல?"

போனோம். டாக்டர் அறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கால் மடங்காது, நீட்டினால் அது கதவுக்குக் குறுக்கே வந்தது. அவன் அதைக் கவனித்தான், எடுக்கவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட வந்த பணியாள் காலைத் தாண்டுவதா வேண்டாமா என்று தயங்கி வெளியே நின்றுவிட்டான்.

"அது இன்டர்னல் விஷயம்ப்பா" என்றார் டாக்டர்.

"என்ற ஒடம்பும் இன்டர்னல்தானுங்க" என்றான் தம்பி. குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லுங்க. ஒக்காந்துதான் இருக்கறோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதராகவே சொன்னார். அதனால் என் கோபம் குறையவில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தபோது மருந்தில் ஒரு குறையும் இல்லை. பாட்டில் மேலிருந்த லேபிள் இங்கத்திய விதிப்படி இல்லை. வேறு லேபிள் ஒட்ட வேண்டும். மைனஸ் எண்பது குளிரில் பாட்டில் மேல் பனி பூத்துக்கொள்ளும், பசை பிடிக்காது. ஆகவே பாட்டில்களை வெளியே எடுத்து வைத்து, பனி கரைந்ததும் துடைத்து, லேபிளை ஒட்டி, மறுபடி உள்ளே வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளே மருந்து உருகத் தொடங்கி, மறுபடி உறைந்திருக்கிறது. அந்த உருகலிலும் உறைதலிலும்தான் கட்டிப்போய்விட்டது.

குளிரில் லேபிள் ஒட்டவில்லை. லேபிள் ஒட்டுவதற்காக மருந்தை ஒட்டவைத்துவிட்டார்கள்.

வைரஸை வளர்த்து, உடைத்து, சுழற்றி, பொக்கு நீக்கி, இத்தனை பேர் இத்தனை நாள் கண்விழித்துச் சுத்தம் செய்த ஒன்று. கடல் தாண்டி உறைந்தபடியே வந்த ஒன்று. இங்கே ஒரு மேஜை மேல், யாரோ ஒருவர் விரலால் தடவிப் பார்க்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்காக.

தம்பி கேட்டான்: "அந்த லேபிள்ல என்ற பேரு இருந்துச்சுங்களா?"

"பேர் போடக்கூடாதுப்பா. நம்பர்தான்."

"என்ற நம்பருங்களா?"

"ஆமா."

தலையை ஆட்டினான். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டவன் மாதிரி, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாகச் சம்மதம் கேட்டு எழுந்தான். "வாரனுங்க சார். வா அக்கா."

நான் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே சார், இத எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க" என்றேன். "தாளிக்காமத் தின்னவங்க இருக்காங்க. பெத்த அம்மா கூட ஒரு ராத்திரி படுக்காம வந்தவ இருக்கா. அவங்க யாரும் உங்க சோதனையில கையெழுத்துப் போடல. லேபிள்தான் காரணம்னு அவங்க முன்னால நின்னு, உங்க வாயால சொல்லுங்க. பஸ் ஊர் முனைக்கே வரும்."

"பாக்கலாம்மா" என்றார்.

பாக்கலாம் என்பது முடியாது என்பதற்கு நம் மொழி வைத்திருக்கும் மரியாதையான பெயர். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றான். மறுபடி, "அக்கா, பஸ்ஸு" என்றான். நான் கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எந்தக் கிழமைங்க சார்?"